கேட்கத் தெரிந்தவன்

மனித இனம் பேசக் கற்றுக்கொண்டு பல்லாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. கேட்கக் கற்றுக்கொண்டது மட்டும் சமீபத்தில்தான். அதுவும் எங்கள் வீட்டு ஹாலில். கற்றுக்கொண்டவன் என் மகன்.

பெற்ற பாசத்தில் அளக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். நான் குடிநீர் வாரியத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று பொதுமக்கள் கவுன்டரில் கத்தும்போது முகத்தில் ஒரு சுருக்கமும் விழாமல் உட்கார்ந்திருக்க எங்களுக்குத் தனிப் பயிற்சியே உண்டு. அப்படிப்பட்ட துறையில் தலை நரைத்த நான் ஒருவனைப் பார்த்து, 'இவன் கேட்கத் தெரிந்தவன்' என்று சான்றிதழ் கொடுத்தால் அதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது.

நீங்களும் நானும் காதால் கேட்கிறோம். பாமரர்கள். என் மகன் 'சிஸ்டத்தால்' கேட்கிறான். ஐந்து ஸ்பீக்கர், இடி மாதிரி உறுமும் ஒரு கறுப்புப் பெட்டி, இவ்வளவையும் கட்டி மேய்க்கும் ரிசீவர் ஒன்று. கல்யாணமான புதிதில் வாங்கியது. இரண்டு ஸ்பீக்கர் டிவிக்கு இருபுறமும் காவலாளிகள் போல நிற்கும். இரண்டு, சோபாவுக்குப் பின்னால் சுவரில் வவ்வால் மாதிரி தொங்கும். ஒன்று டிவிக்கு அடியில் படுத்திருக்கும். மனிதர்கள் பேசுவதெல்லாம் அதன் பொறுப்பு. கறுப்புப் பெட்டி உறுமும்போது கீழ்வீட்டு வக்கீல் துடைப்பக் கட்டையால் தன் வீட்டுக் கூரையை இடிப்பார். "பாத்தீங்களாப்பா, எஃபெக்ட் தரையிலேருந்தும் வருது" என்று பூரித்துப்போவான் மகன்.

இந்த ஸ்பீக்கர்களுக்கு வயதாகிவிட்டது என்பதை அவன் ஒரு புதன்கிழமை கண்டுபிடித்தான். காலையில் அவை நன்றாகத்தான் பாடிக்கொண்டிருந்தன. மத்தியானம் இணையத்தில் ஒரு கட்டுரை படித்தான். 'பழைய ஸ்பீக்கரில் கேட்பதும் தலையணையைக் காதில் கட்டிக்கொண்டு கேட்பதும் ஒன்றே' என்று அதில் எழுதியிருந்தது. சாயங்காலம் ஸ்பீக்கர்கள் மங்கிவிட்டன. படிப்பறிவு என்ன செய்யும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

மாற்றுவதா, வேண்டாமா? சாதாரண வீடாக இருந்தால் புருஷனும் பெண்டாட்டியும் ஒரு டீ ஆறுவதற்குள் பேசி முடித்திருப்பார்கள். எங்கள் வீட்டில் அப்படி அவசரப்பட்டு எதையும் பேசி முடிப்பதில்லை. குழு அமைத்தோம். 'ஒலிக்கருவிகள் மறுசீரமைப்பு ஆலோசனைக் குழு' என்று நான்தான் பெயர் வைத்தேன். தலைவர் நான். வேலை என்னவென்று தெரியாமலே தலைமை தாங்கும் அனுபவம் எனக்கு உண்டு. எதிர்க்கட்சி, என் மனைவி. உறுப்பினர், மருமகள். செயலாளர், மகன். தொழில்நுட்ப ஆலோசகர், மகனுடைய அலுவலக நண்பன் 'டெசிபல்'.

டெசிபலுக்கு வேறு பெயர் இருந்திருக்க வேண்டும். பெற்றவர்கள் அவ்வளவு தீர்க்கதரிசிகளாக இருக்க முடியாது. அவன் எங்கள் வீட்டுக்குள் முதன்முதலாக நுழைந்தபோது வணக்கம் சொல்லவில்லை. ஹாலின் நடுவில் நின்று ஒரு தடவை கைதட்டினான். கண்ணை மூடி எதிரொலியைக் கேட்டான். எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர் மாதிரி மெல்லத் தலையை ஆட்டினான்.

"எவ்வளவு நாளா இப்படி இருக்கு?"

"வீடு கட்டினதிலேருந்து" என்றாள் என் மனைவி.

அன்று முதல் எங்கள் வாழ்க்கை ஒழுங்குக்கு வந்தது. மகன் கேட்கும் நேரத்தில் ஃபேன் ஓடக் கூடாது. அது 'காற்று அழுக்கு'. ஃப்ரிட்ஜை அணைத்துவிட வேண்டும். அது அடித்தொண்டையில் முனகுகிறதாம். பால் கெட்டது. என் மனைவி கெட்ட பாலை ஹாலுக்கே கொண்டுவந்து காட்டினாள்.

"பால் போனா வாங்கிக்கலாம்மா. சவுண்டுல மிட்ரேஞ்ச் போனா வருமா?" என்றான் மகன்.

சோபாவின் நடு இருக்கையில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தான். ஐந்து ஸ்பீக்கரின் சத்தமும் சரிசமமாக வந்து சேரும் இடம் அது ஒன்றுதான். அங்கே உட்கார்ந்தவனுக்குக் கேட்பது ஒலி. பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்குக் கேட்பது வெறும் வதந்தி. குடும்பத்தோடு உட்கார்ந்து படம் பார்க்க வாங்கிய கருவியில் ஒரே ஒருவர் மட்டுமே உருப்படியாகக் கேட்க முடியும் என்பது விஞ்ஞானத்தின் சாதனை.

இனி மருமகள். அவள் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். விழுந்தவர்களை எழுப்பி நடக்க விடுவதும், மடங்காத முழங்காலை மடக்க வைப்பதும் அவள் தொழில். பக்கவாதம் வந்து கிடந்த ஒருவரின் விரலை ஆறு மாதம் மல்லுக்கட்டி அசைய வைத்தவள். அந்த மனுஷன் அசைந்த விரலால் முதல் வேலையாக டிவி ரிமோட்டைக் கேட்டாராம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

ஒரு சாயங்காலம் அவள் வேலையிலிருந்து வந்து, தோளில் இருந்த பையைக்கூட இறக்காமல், சோபாவின் அருகே போய் நின்றாள்.

"ஏங்க, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

என் மகன் முகம் மலர்ந்த அழகைப் பார்க்கக் கண் கோடி வேண்டும்.

"கேக்கணுமா? நீயா? அப்பா, பாத்தீங்களா! இவளே வாயைத் திறந்து கேக்கணும்னு சொல்றா! வா, வா, உக்காரு. எது கேக்கறே? மழை கேக்கறியா, ரயில் கேக்கறியா?"

"ஐயோ, அது இல்லைங்க. நான் வந்து..."

"மழையே கேளு. ரயில் உனக்குத் தாங்காது."

அவளைக் கையைப் பிடித்து இழுத்துப் பெருக்கல் குறியின்மேல் உட்கார வைத்தான். பெற்ற தாய்க்குக்கூடக் கிடைக்காத கௌரவம். ஃபேன் நின்றது. ஃப்ரிட்ஜ் அடங்கியது. ஜன்னல்கள் சாத்தப்பட்டன. ஐந்து திசையிலிருந்தும் மழை கொட்டியது. அந்த அடைமழையில் உட்கார்ந்து மருமகள் தொப்பலாக வியர்த்தாள்.

"எப்படி?"

"நல்லா இருக்கு. ஏங்க, நான் ஒண்ணு கேக்கத்தான் வந்தேன்..."

"இன்னொண்ணா? பேராசைடி உனக்கு! ஒரே நாள்ல ரெண்டு கேட்டா காது களைச்சிடும். நாளைக்குக் கேக்கலாம்."

நம் மொழியின் சிக்கனத்தை இந்த இடத்தில் பாராட்டியாக வேண்டும். கேள்வி கேட்பதற்கும், சத்தம் கேட்பதற்கும், பெரியவர்கள் சொன்னதைக் கேட்டு நடப்பதற்கும் ஒரே சொல்லை வைத்துச் சமாளிக்கிறோம். எதைச் சொல்கிறோம் என்பது எதிரே இருப்பவருக்குப் புரியாமலா போகும் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கை வைத்தவர்கள் என் மகனைப் பார்த்ததில்லை.

அன்று சமையலறையில் டீ போடும்போது மருமகள் என்னிடமும் என் மனைவியிடமும் விஷயத்தை உடைத்தாள். தொலைதூர நகரம் ஒன்றில் பெரிய எலும்பு ஆஸ்பத்திரி திறக்கிறார்கள். பிசியோதெரபிப் பிரிவு முழுவதையும் இவள் பொறுப்பில் விடுகிறார்களாம். இவளுக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு பேர்.

"இந்த மாதிரி ஒண்ணு இனிமே வராது அத்தை. அவரும் வீட்டிலேருந்துதானே வேலை பாக்கறாரு? எந்த ஊருக்குப் போனாலும் அதே லேப்டாப்தான். 'என்கூட வர்றீங்களா'ன்னு கேக்கணும். அவ்வளவுதான். அடுத்த வெள்ளிக்கிழமை அவங்களுக்குப் பதில் சொல்லியாகணும்."

"நேரா சொல்லிட வேண்டியதுதானேம்மா?" என்றேன்.

"சொல்லிப் பாத்தேன் மாமா. நேத்து சாப்பிடும்போது 'எனக்கு வேற ஊர்ல'ன்னு ஆரம்பிச்சேன். விரலை வாய்ல வெச்சு உஸ்ஸுன்னாரு. 'ஒரு நிமிஷம், எங்கேயோ ம்ம்னு ஒரு ஹம் வருது'ன்னு எழுந்து போயிட்டாரு. ஹம் கிடைச்சுது. ஆள் திரும்பி வரலை."

"போன்ல மெசேஜ் போடு."

"போட்டேன். மெசேஜ் வந்தா டிங்குன்னு சத்தம் வருதாம். அது ட்ரெபிளைக் கெடுக்குதுன்னு நம்ம எல்லாரையும் சைலன்ட்ல போட்டிருக்காரு."

"அவன் அப்பாவைக் கொண்டு பிறந்திருக்கான்" என்றாள் என் மனைவி, என்னைப் பார்க்காமல். இதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை குழுவின் கூட்டம். மகன் டிவியில் படம் போட்டு விளக்கினான். 'இப்போதைய நிலை' என்று ஒரு வட்டம். 'எதிர்கால நிலை' என்று ஒரு பெரிய வட்டம். நடுவில் ஓர் அம்பு. அலுவலகத்தில் இந்த மூன்றை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டே டீம் லீடர் ஆனவன்.

"நம்ம முன்னாடி மூணு வழி இருக்கு. ஸ்பீக்கரை வெச்சுக்கிட்டு ரிசீவரை மாத்தறது. ரிசீவரை வெச்சுக்கிட்டு ஸ்பீக்கரை மாத்தறது. ரெண்டையும் மாத்தறது."

"எதையும் மாத்தாம இருக்கறதுன்னு ஒண்ணு இருக்கே?" என்றது எதிர்க்கட்சி.

"அதுக்கு எதுக்கும்மா கூட்டம்?"

நியாயமான பதில். நானே வாரியத்தில் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

டெசிபல் எழுந்தான். பழைய ஸ்பீக்கரின் முகத்துணியைக் கழற்றி, கூம்பைச் சுற்றியிருந்த ரப்பர் வளையத்தை விரலால் தடவினான். நாடி பார்த்த மாதிரி இருந்தது.

"வளையம் நல்லாத்தான் இருக்கு. உடைஞ்சிருந்தா பரவாயில்லை, மாத்திடலாம். நல்லா இருக்கறதுதான் பிரச்சினை. எதை வெச்சு மாத்தறதுன்னு தெரியலை."

"சவுண்டைப் பத்திச் சொல்லுடா" என்றான் மகன்.

"உங்க ஸ்பீக்கர் பொய் சொல்லாது. ஆனா முழு உண்மையும் சொல்லாது. சவுண்டுல சூடு இருக்கு. ஈரம் இல்லை."

"ஈரம் இல்லாதது ஸ்பீக்கருக்கு மட்டும்தானா?" என்றாள் என் மனைவி.

டெசிபல் அதைத் தொழில்நுட்பக் கருத்தாக ஏற்றுக்கொண்டான். "கரெக்ட் ஆன்ட்டி. ரிசீவர்லயும் இல்லை."

தலைவர் என்ற முறையில் நான் தொண்டையைக் கனைத்தேன். "இதர பொருள்கள் என்ற தலைப்பின் கீழ் மருமகள் ஒரு விஷயத்தை முன்வைக்க விரும்புவதாகத் தெரிகிறது."

"அப்பா, அஜெண்டாவில இருக்கா?"

"இல்லை. ஆனால் அவசரம்."

"அஜெண்டாவில இல்லாததைப் பேச ஆரம்பிச்சா, கூட்டம் கூட்டமா இருக்காதுப்பா. குடும்பமா ஆயிடும்."

மருமகள் எழுந்துவிட்டாள். அவள் குரலை உயர்த்தி நான் கேட்டது அன்றுதான்.

"என் பேச்சு உங்களுக்குக் கேக்குதா, இல்லையா?"

மகன் டெசிபலைப் பார்த்தான். டெசிபல் கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, நன்றாக யோசித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னான்.

"கேக்குது அண்ணி. ஆனா க்ளியரா இல்லை. நீங்க பேசறது நேரா சுவத்துல போய் முட்டிட்டுத் திரும்பி வருது."

"ஆமா, அதைத்தான் நானும் சொல்றேன்" என்றாள் மருமகள். "சுவத்துலதான் முட்டிக்கறேன்."

"பாத்தியா! அவளே ஒத்துக்கறா!" என்று மகன் துள்ளினான்.

உடனடியாக, ஹாலின் சுவர்களுக்குக் கனத்த திரை போடுவதென்று ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. மருமகளின் பொருள் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. அடுத்த கூட்டம் அடுத்த ஞாயிறு. அவள் பதில் சொல்ல வேண்டியது வெள்ளிக்கிழமை. இதைச் செயலாளரின் கவனத்துக்குக் கொண்டு வந்தேன். "அதுக்கென்னப்பா, திரை புதன்கிழமையே வந்துடும்" என்றான்.

வியாழக்கிழமை சாயங்காலம், கடைக்காரர் ஒரு புது செட்டைப் பரீட்சார்த்தமாகக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். பழையது ஐந்து, புதியது ஐந்து, இரண்டு கறுப்புப் பெட்டி. நாங்கள் நடப்பதற்கு வழி இல்லை. என் மனைவி பாத்ரூமுக்குப் போகும்போது பக்கவாட்டில் நண்டு மாதிரி நடந்தாள். கனத்த திரைகளுக்குள் ஹால் ஓர் அழகான உறைக்குள் போட்ட மாதிரி இருந்தது. பகலிலேயே விளக்கு எரிந்தது.

பழையதிலும் புதியதிலும் ஒரே பாட்டை மாற்றி மாற்றிப் போட்டார்கள். மகனுக்கு வித்தியாசம் தெரியவில்லை. தெரியவில்லை என்பதைச் சொல்லவும் தெரியவில்லை. நெற்றி வியர்த்தது. டெசிபல்தான் காப்பாற்றினான்.

"பாட்டு வெச்சு டெஸ்ட் பண்ணக் கூடாதுடா. ஸ்டுடியோவில பூசி மெழுகி அனுப்பியிருப்பான். நமக்குப் பழகின மனுஷக் குரல் வேணும். வீட்டு ஆள் குரல். அதுலதான் குட்டு வெளிப்படும்."

"அம்மா, ரெண்டு வார்த்தை பேசேன்."

"நேர்ல பேசினா காதுல போட்டுக்காதவன், பெட்டி வழியா வந்தா போட்டுக்கப்போறியாக்கும்" என்றாள் என் மனைவி.

சமையலறை வாசலில் ஈரக்கையைத் துடைத்தபடி நின்றிருந்த மருமகள், "நான் பேசித் தரேன்" என்றாள்.

எதையோ யோசித்து முடித்தவளின் குரல். டெசிபலின் பதிவு செய்யும் சின்ன மைக்கை வாங்கிக்கொண்டு படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மகன் எங்களையெல்லாம் மூச்சுவிடக்கூட அனுமதிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, முகம் கழுவிக்கொண்டு வந்து மைக்கை நீட்டினாள்.

"இதைப் போட்டுக் கேளுங்க. முழுசா கேளுங்க."

"முழுசா கேக்கத்தானே இவ்வளவு ஏற்பாடு!" என்றான் மகன். பெருக்கல் குறியில் அமர்ந்தான். கண்ணை மூடினான். முதலில் பழைய ஸ்பீக்கர்.

மருமகளின் குரல் டிவிக்கு அடியிலிருந்து வந்தது.

'ஏங்க, ரொம்ப நாளா உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு அலையறேன். வேற ஊர்ல எனக்குப் பெரிய வேலை கிடைச்சிருக்கு. எனக்கு அந்த வேலை வேணும். நீங்களும் என்கூட வாங்க. வர முடியாதுன்னா முடியாதுன்னு வாயைத் திறந்து சொல்லுங்க, சண்டை போடுவோம், ஏதாவது ஒரு வழி பண்ணுவோம். எதுவுமே சொல்லலைன்னா, நாளைக்குச் சரின்னு பதில் அனுப்பிட்டு நான் கிளம்பிடுவேன். தனியாப் போய் இருக்கப் பழகிட்டா, திரும்பி வருவேனான்னு எனக்கே தெரியாது.'

நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். கடைக்காரர் விட்டுப்போன அட்டைப்பெட்டிமேல் நான் உட்கார்ந்துவிட்டேன். மருமகள் கணவனின் மூடிய கண்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மகன் கண்ணைத் திறக்கவில்லை. ஒரு விரலை மட்டும் உயர்த்தினான்.

"இப்போ புதுசுல போடு."

அதே குரல். அதே வார்த்தைகள். இந்த முறை முடிந்ததும் என் மகன் கண்ணைத் திறந்தான். உண்மையாகவே கலங்கியிருந்தது.

"டேய் டெசிபல்! 'கிளம்பிடுவேன்'ல அந்த 'ள'வைக் கேட்டியா? பழசுல அது 'ல' மாதிரி வழுக்கிட்டுப் போச்சுடா. இதுல நாக்கு மேல போய் மடங்கறது தெரியுது!"

"'பழகிட்டா'வைக் கேளுடா. அந்த 'ழ'! ஒரு 'ழ'வை இவ்வளவு சுத்தமா எந்தப் பெட்டியும் சொல்லி நான் கேட்டதில்லை."

"மறுபடி போடு, மறுபடி போடு."

மறுபடி போட்டார்கள்.

"'வாங்க'ன்னு சொல்லிட்டு ஒரு சின்ன மூச்சு விடறா, கவனிச்சியா? தொண்டையில ஏதோ அடைச்சு, அதை முழுங்கிட்டு விடற மூச்சு. பழசுல அந்த மூச்சே இல்லைடா!"

"டெப்த்" என்றான் டெசிபல் பக்தியோடு.

"'சண்டை போடுவோம்'ல குரல் கொஞ்சம் உடையுது."

"அது ஸ்பீக்கர் ஃபால்ட் இல்லையே?"

"இல்லைடா, அது ஒரிஜினல்லயே உடைஞ்சிருக்கு. அதை அப்படியே காட்டுது பாரு, அதான் நேர்மை!"

என் மனைவியால் பொறுக்க முடியவில்லை. "டேய், அவ என்ன சொல்றான்னு கேட்டியாடா?"

"கேட்டேம்மா! ஒவ்வொரு எழுத்தா கேட்டேன்!"

மருமகள் ஒரு அடி முன்னால் வந்தாள். பத்து ஸ்பீக்கருக்கு நடுவில் அதற்கு மேல் வர இடமில்லை.

"அப்போ உங்க முடிவு?"

"சரி! நூறு சதவீதம் சரி! இதுக்கு மேல யோசிக்கறதுக்கு என்ன இருக்கு? நாளைக்கே கன்ஃபர்ம் பண்ணிடலாம்!"

"சரின்னே அனுப்பிடட்டுமா?"

"நீயா அனுப்பறே? அனுப்பு, அனுப்பு! கடைக்காரர் நம்பர் அப்பாகிட்ட இருக்கு."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் எத்தனை அதிர்வு, எவ்வளவு ஆழம் என்பதை அளக்க அப்போது மைக் ஓடிக்கொண்டிருக்கவில்லை. தொழில்நுட்ப உலகுக்குப் பெரிய நஷ்டம்.

வெள்ளிக்கிழமை இரண்டு 'சரி'கள் எங்கள் வீட்டிலிருந்து புறப்பட்டன. ஒன்று கடைக்கு, ஒன்று ஆஸ்பத்திரிக்கு. இரண்டுமே நீண்ட ஆலோசனைக்குப் பின் முறைப்படி எடுக்கப்பட்ட முடிவுகள் என்பதைத் தலைவராக நான் உறுதி செய்கிறேன்.

சனிக்கிழமை காலை மகனும் டெசிபலும் சுவரில் துளை போட்டுக்கொண்டிருந்தார்கள். என் மனைவி மருமகளோடு படுக்கையறையில் பெட்டி அடுக்கினாள். அடுக்கும்போது வாயே ஓயவில்லை. வெந்நீர் வைத்துக் குடிக்கணும், காலை நீட்டிப் படுக்கணும், ராத்திரி டூட்டி வேண்டாமென்று முதலிலேயே சொல்லிடணும். மருமகள் ஒவ்வொன்றுக்கும் "சரி அத்தை, சரி அத்தை" என்றாள். பெரிய பெட்டியை நான் ஹால் வழியாக இழுத்து வந்தேன். அதன் சக்கரம் கடகடவென்று உருண்டது.

"அப்பா, மெதுவா! ஸ்பீக்கர்ல இடிச்சுடப் போறீங்க!" என்றான் மகன், ஏணிமேல் இருந்தபடி. முதுகு எங்கள் பக்கம் இருந்தது. பெட்டியையும் நான் எதற்காக இழுக்கிறேன் என்பதையும் பார்க்க அவனுக்குக் கண் ஒழியவில்லை. மட்டம் பார்க்கும் 'லெவல்' கருவியின் பச்சைக் கோடு சுவரில் நேராக விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

மருமகள் ஏணியருகே போய் நின்றாள்.

"நான் போறேங்க."

"சரி சரி. கதவை மெதுவா சாத்து. படார்னு சாத்தினா லெவல் ஆடிடும்."

அவள் கதவை மெதுவாகச் சாத்தினாள். அவ்வளவு மெதுவாகச் சாத்தி நான் பார்த்ததில்லை. என் மகனின் லெவல் மயிரிழைகூட ஆடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை புது ஸ்பீக்கரின் தொடக்க விழா. ஃபேன் நின்றது. திரைகள் இழுக்கப்பட்டன. மகன் ரிமோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, யாருக்கும் விட்டுக்கொடுக்காத பெருக்கல் குறியிலிருந்து தானே எழுந்து நின்றான்.

"அம்மா, அவளைக் கூப்பிடு. முதல்ல அவதான் கேக்கணும். செலக்ட் ஆனதே அவ குரல்லதானே!"

"அவ இல்லை."

"ஆஸ்பத்திரியா? ஞாயித்துக்கிழமையுமா?"

"ஆஸ்பத்திரிதான். வேற ஊரு ஆஸ்பத்திரி. சாமானோட போயிட்டா. நேத்து உன் ஏணிக்குப் பக்கத்துல நின்னு சொல்லிட்டுத்தான் போனா."

அவன் சிரித்தான். பிறகு எங்கள் முகங்களைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். படுக்கையறைக்குப் போய் அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு வந்தான். போனை எடுத்தான், சைலன்ட்டில் போட்ட எங்கள் எல்லோரின் செய்திகளுக்கும் அடியில் அவள் பெயரைத் தேடினான். நடு இருக்கையில் பொத்தென்று விழுந்தான். அழுதுவிட்டான். நாற்பது வயதுப் பிள்ளை அழுவதைப் பார்க்கப் பெற்ற வயிறு துடிக்கும் என்பார்கள். என் மனைவி வாசற்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"இவ்வளவு பெரிய முடிவு எடுக்கறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா!"

"கேட்டாளேடா" என்றாள் என் மனைவி. "திரும்பத் திரும்பக் கேட்டா. நீயும்தான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டே. அவ தொண்டை அடைச்சது வரைக்கும் கேட்டேன்னு சொன்னியே."

"அது டெஸ்ட் டிராக்தானேம்மா!"

ஆகவே பெரியோர்களே, என் மகனைப் பற்றி நாளை யாராவது எங்காவது தப்பாகப் பேசினால் நம்பாதீர்கள். அவனுக்குக் காது மந்தம் என்று ஒருவரும் சொல்லிவிட முடியாது. அவள் விட்ட மூச்சு கேட்டது. முழுங்கிய அழுகை கேட்டது. குரல் எந்த எழுத்தில் உடைந்தது என்பதுகூடத் துல்லியமாகக் கேட்டது. காது கேட்காதவன் என்றாலாவது மன்னித்துத் தொலைக்கலாம். அந்த ஒரு சாக்கும் அவனுக்குக் கிடையாது.